ஆல் வீல் வண்டி எவ்வளவு கொடுக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். தாண்டிக்குடிப் பக்கம் அப்பாவின் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்து கடைசி 2 கிலோமீட்டர் மண்பாதை. அதற்காகவே 2023-ல் மாருதி கிராண்ட் விட்டாராவில் ஆல்கிரிப் மேனுவல் எடுத்தேன். ஆல்கிரிப் என்பது எஞ்சினின் இழுவை நாலு சக்கரத்துக்கும் போகக்கூடிய 'ஆல் வீல் டிரைவ்' அமைப்புக்குக் கம்பெனி வைத்த பெயர், மேனுவல் என்றால் கையால் கியர் போடுவது. அன்றிலிருந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், அப்பார்ட்மெண்ட் லிஃப்ட்டில் ஏறினாலும், பங்க்கில் வரிசையில் நின்றாலும் அதே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடரின் ஆல் வீல் மாடலிலும் இதே எஞ்சின், இதே அமைப்புதான். அதை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வண்டி எவ்வளவு கொடுக்குது? சுத்தி வளைக்காம ஒரே நம்பரா சொல்லுங்க.

15.

அதற்குமேல் தெரிய வேண்டுமென்றால்: திண்டுக்கல் ஊருக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது, கடைக்குப் போவது மட்டும் என்றால் 11, 12. நாலுவழிச் சாலையில் 85-ல் பொறுமையாகப் போனால் 18, சில நாள் அதற்கும் கொஞ்சம் மேலே. மலை ஏறும்போது 9. எல்லாம் கலந்து, ஏசி போட்டு, என் நோட்டில் இருக்கும் கணக்குதான் அந்த 15.

கம்பெனி 19-ன்னு போட்டிருக்கான். உங்களுக்கு 15 தான் வருது. அப்போ பொய் சொல்றானா?

பொய் இல்லை. மேனுவல் ஆல்கிரிப்புக்கு அறிவித்த கணக்கு லிட்டருக்கு 19.38 கி.மீ. அது ரோட்டில் ஓட்டி எடுத்த கணக்கு இல்லை. சோதனைக்கூடத்தில் உருளைமேல் வண்டியை நிறுத்தி, அரசு வகுத்த ஓட்டமுறைப்படி ஓட்டி அளப்பார்கள். மொத்தமே 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சுமார் 10 கிலோமீட்டர் ஓட்டம். அதிகபட்ச வேகம் 90, சராசரி வேகம் 32 கிலோமீட்டர் அளவுதான். ஏசி கிடையாது. எதிர்காற்று, மேடு, வேகத்தடை, குறுக்கே வரும் ஆடு எதுவும் கிடையாது.

அந்த எண்ணை எதிர்பார்த்து வண்டி எடுத்தால் ஏமாற்றம்தான். ஆனால் இரண்டு வண்டிகளை ஒப்பிட அது நல்ல அளவுகோல், ஏனென்றால் எல்லாரும் ஒரே பரிட்சையை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எந்த வண்டி பார்த்தாலும் அறிவித்த கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு யோசியுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

நாலு சக்கரமும் எப்பவும் சுத்துறதாலதானே பெட்ரோல் குடிக்குது?

எந்தக் காரிலும் நாலு சக்கரமும் சுற்றத்தான் செய்யும் என்று என் மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன், கோபித்துக்கொண்டார். கேட்க வந்தது எஞ்சினின் இழுவை நாலுக்கும் எப்போதும் போகிறதா என்றுதான். போவதில்லை. சாதாரண ரோட்டில் இது ஏறக்குறைய முன்சக்கர வண்டிதான், அதாவது இழுவை முன்சக்கரத்துக்கு மட்டும். பின்பக்கம் டிஃபரன்ஷியலுக்கு (இழுவையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முன்னால் ஒரு கப்ளிங், கிளட்ச் மாதிரி பிடிக்கவும் விடவும் கூடிய இணைப்பு, இருக்கிறது. முன்சக்கரம் வழுக்குவதை, அல்லது வழுக்கப்போவதை, கம்ப்யூட்டர் உணர்ந்தால் கரண்ட் கொடுத்து அந்தக் கப்ளிங்கை இறுக்கும். அப்போது இழுவையில் ஒரு பங்கு பின்சக்கரத்துக்குப் போகும். ரோடு சரியானதும் தளர்த்திவிடும்.

அப்படியானால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. இழுக்காவிட்டாலும் முன்னாலிருந்து பின்பக்கம் போகும் நீள ஷாஃப்ட், ஆயிலுக்குள் இருக்கும் கியர்கள், பேரிங்குகள் எல்லாம் அடியில் வண்டியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றின் எடையையும் சேர்த்துத்தான் சுமக்கிறோம்.

சரி, டூ வீல் டிரைவே வாங்கியிருந்தா வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம்?

நான் எடுத்த காலத்தில் முன்சக்கர மேனுவலுக்கு அறிவித்த கணக்கு 21.11. ஆல் வீலுக்கு 19.38. 100 கிலோமீட்டருக்கு முதலாவது 4.74 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 5.16. வித்தியாசம் அரை லிட்டர்கூட இல்லை. வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,000 ரூபாய். நிஜ ரோட்டில் இரண்டுமே கூடக் குடிக்கும் என்பதால் 6,000, 6,500 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பயப்படுகிறவர்கள் வண்டி விலையைப் பார்ப்பதில்லை. 2022-ல் இந்த மாடல் வந்தபோது ஆல்ஃபா என்ற வகையின் மேனுவலில் முன்சக்கரத்துக்கும் ஆல் வீலுக்கும் ஷோரூம் விலையிலேயே ஒன்றரை லட்சம் வித்தியாசம். அந்தப் பணத்துக்கு இருபது வருஷத்துக்குமேல் கூடுதல் பெட்ரோல் போடலாம். ஆல் வீல் வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கேதான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தத் திருகுற ஸ்விட்சை எப்பவும் ஆட்டோவுலயே வச்சுக்கணுமா? ஸ்னோ நம்ம ஊருக்கு எதுக்கு?

ஆல் வீல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் அது. ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நாலு. பெட்ரோல் மிச்சம் வேண்டுமென்றால் ஆட்டோ. அதில்தான் பின்பக்கக் கப்ளிங் அதிகம் சும்மா இருக்கும். ஸ்போர்ட்டில் வண்டி துள்ளும், பெட்ரோலும் துள்ளும். லாக் என்பது சேற்றில் மாட்டிக்கொண்டால் வெளியே வர. தார் ரோட்டில் போட்டுக்கொண்டு சுற்றுவதற்கில்லை.

ஸ்னோ என்ற பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மழை நனைந்த செம்மண் பாதையில் நான் அதைத்தான் போடுவேன். முன்சக்கரம் வழுக்கும் வரை காத்திருக்காமல் பின்சக்கரத்துக்கும் முன்கூட்டியே இழுவை போகும், ஆக்ஸிலேட்டரும் மெதுவாகப் பேசும்.

டேஷ்போர்டு 17.2 காட்டுது. நீங்க 15-ங்கிறீங்க. எது நிஜம்?

டேஷ்போர்டு எண் ஒரு மதிப்பீடு. எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் பீச்சியது என்பதை வைத்து அது கணக்குப் போடுகிறது. என் வண்டியில் நிஜத்தைவிட ஒன்று, ஒன்றரை கூடவே காட்டும். இந்தப் பயணம் போன பயணத்தைவிடத் தேவலையா என்று பார்க்க அது போதும். பந்தியில் சொல்ல அது போதாது.

நிஜம் தெரிய வேண்டுமென்றால் டேங்க் ஃபுல் கணக்குதான். ஆட்டோ கட் ஆகும் வரை போடுங்கள். அதற்குமேல் 'ரவுண்டா பண்ணிடலாம் சார்' என்று பையன் அமுக்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். 400, 500 கிலோமீட்டர் ஓட்டியபின் முடிந்தால் அதே பங்க்கில், அதே பம்ப்பில், மறுபடி ஆட்டோ கட் வரை. ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். என் கிளவ் பாக்ஸில் பால் கணக்கு நோட்டு மாதிரி ஒன்று கிடக்கிறது: தேதி, கிலோமீட்டர், லிட்டர், பக்கத்தில் 'மலை', 'ஊர்', 'சென்னை' என்று ஒரு சொல். கடைசியாக எழுதியது 471 கி.மீ., 30.6 லிட்டர், 'கலப்பு'. வகுத்தால் 15.4.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஆட்டோ கட் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு லிட்டர் முன்னே பின்னே போனாலே எண் அரைப் புள்ளி ஆடிவிடும். ஐந்து ஃபுல் டேங்க் சேர்த்துக் கூட்டி வகுத்தால் அதுதான் உங்கள் வண்டி.

500 ரூபாய்க்குப் போட்டுப் போட்டு ஓட்டி மைலேஜ் பாக்க முடியாதா?

முடியாது. டேங்க்கில் மிச்சம் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் வகுத்தால் வருவது ஜோசியம்.

புது வண்டி. 800 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 10 தான் கொடுக்குது. ஷோரூம்ல சண்டை போடலாமா?

பொறுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டயர் எல்லாமே பழகச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். எனக்கு முதல் இரண்டு டேங்க் 12-ஐத் தாண்டவில்லை. 5,000 தாண்டியபிறகுதான் நோட்டில் 15 தென்பட ஆரம்பித்தது. அதோடு, புது வண்டியை வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து சொந்தக்காரர்களை ஏற்றித் தெருமுனை வரை போய் வந்த கணக்கும் அந்த 800-க்குள் இருக்கும். குளிர்ந்த எஞ்சினோடு 2 கிலோமீட்டர் போய் நிறுத்துவதைப்போல பெட்ரோலை வீணாக்குவது வேறெதுவும் இல்லை. இது பழைய வண்டிக்கும் பொருந்தும்.

ஏசி போட்டா எவ்வளவு குறையும்? ஜன்னலைத் திறந்துட்டுப் போனா மிச்சமா?

ஹைவேயில் ஏசியின் பங்கு சின்னது. 18 வரும் இடத்தில் 17 வரும். ஊருக்குள், அதுவும் சித்திரை வெயிலில், நன்றாக உறைக்கும், 2 வரை போய்விடும். நின்ற இடத்தில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு முன்பின் காலியாகும், கிலோமீட்டரோ பூஜ்யம். துணிக்கடை வாசலில் அரைமணி நேரம் வண்டிக்குள் காத்திருக்கும் அண்ணன்மார் கவனிக்கவும்.

ஜன்னல் விஷயம் எளிது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது திறந்துகொள்ளுங்கள். 80-க்குமேல் போனால் திறந்த ஜன்னலில் காற்று மோதி இழுக்கும் இழுப்பே ஒரு செலவு. அங்கே ஏசிதான் நல்லது. வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதலில் கதவுகளைத் திறந்துவிட்டு வெக்கை போனபிறகு ஏசி போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

ஈ20 பெட்ரோல் வந்ததுக்கு அப்புறம்தான் மைலேஜ் விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

விழும். எவ்வளவு என்பதில்தான் ஆளாளுக்குக் கதை. எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல் ஆற்றல், கலப்படமில்லாத பெட்ரோலில் சுமார் 32. நூற்றுக்கு 20 எத்தனால் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 29.8 ஆகிறது. சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏழு சதவீதம் குறைவு. ஆனால் நாம் அதற்குமுன் போட்டுக்கொண்டிருந்ததும் சுத்தப் பெட்ரோல் இல்லை, 10 சதவீதம் கலந்ததுதான். அதிலிருந்து பார்த்தால் ஆற்றல் குறைவு மூன்றரை சதவீதம் அளவு. எஞ்சின் அதற்கேற்பச் சரிசெய்யப்பட்டிருந்தால் இதில் கொஞ்சம் மீளும்.

15 கொடுத்த வண்டி 14.5 கொடுத்தால் ஈ20-ஐக் குறை சொல்லலாம். 15 கொடுத்தது 11 கொடுத்தால் வேறு ஏதோ இருக்கிறது, கீழே 'திடீர்னு 15-ல இருந்து 12-க்கு' என்ற கேள்வியைப் படியுங்கள். ஏப்ரல் 2023 முதல் தயாரான வண்டிகளின் ரப்பர், குழாய் எல்லாம் ஈ20-ஐத் தாங்கும்படி செய்தவை. அதற்கு முந்தைய வண்டி என்றால் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ட்ரா காசு கொடுத்து பிரீமியம் பெட்ரோல் போட்டா கூடுமா?

மூன்று டேங்க் போட்டுப் பார்த்தேன். நோட்டில் வித்தியாசம் தெரியவில்லை. பிரீமியத்துக்குப் பெருமையாகச் சொல்லப்படும் ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் சக்தி. அதில் உள்ள ஆற்றலின் அளவு இல்லை. இந்த எஞ்சின் சாதாரணப் பெட்ரோலுக்குச் செய்தது, அதையே போடுங்கள்.

ஹைவேயில 18-ங்கிறீங்க. எனக்கு 14 தான் வருது. ஒரே வண்டி, ஒரே ரோடு. எப்படி?

எந்த வேகத்தில் போனீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு மாறிவிடும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் வேகம் கூடுவது ஒன்றே கால் மடங்கு சொச்சம், காற்றின் தடை கூடுவது கிட்டத்தட்ட 1.9 மடங்கு. செடான் மாதிரி தாழ்வான வண்டி என்றால்கூடப் பரவாயில்லை. இது 210 மில்லிமீட்டர் தரை இடைவெளியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும் வண்டி. திண்டுக்கல்லிலிருந்து சென்னை சுமார் 425 கிலோமீட்டர். ஒருமுறை 85-ல் போனேன், 23 லிட்டர். அடுத்த மாதம் அவசரமாக 110-ஐ ஒட்டியே போனேன், 29 லிட்டர். 6 லிட்டர் கூடுதல் கொடுத்து நான் வாங்கியது கணக்குப்படி ஒரு மணி நேரம் சொச்சம்தான். அதிலும் பாதி செங்கல்பட்டு தாண்டி நெரிசலில் போய்விட்டது.

இந்த வித்தியாசம், மேலே டூ வீல் கேள்வியில் சொன்ன ஆல் வீல் நஷ்டத்தைப்போல மூன்று மடங்கு. 100 கிலோமீட்டருக்கு அங்கே அரை லிட்டர், இங்கே ஒன்றரை. ஆனாலும் திட்டு வாங்குவது அடியில் இருக்கும் ஷாஃப்ட்தான்.

கொடைக்கானல் ஏறும்போது 9 காட்டுது. அது ஆல் வீல்னாலதானே?

இல்லை. பூமியின் ஈர்ப்பினால். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 65 கிலோமீட்டர். அந்த தூரத்துக்குள் வண்டி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறது. நாலு பேர், மூட்டை முடிச்சோடு 1,500 கிலோ என்று வையுங்கள். அத்தனை எடையை அத்தனை உயரம் தூக்க மட்டுமே 26 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டரில் உள்ள 30-ல் எஞ்சின் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது கால் பங்குக்குக் கொஞ்சம் கூட. மிச்சம் சூடாகப் போய்விடுகிறது. ஆக, தூக்குகூலி மட்டும் 3 லிட்டர். சமதளத்தில் அதே 65 கிலோமீட்டருக்கு ஆகும் 4 லிட்டரையும் சேர்த்தால் 7. வகுத்துப் பாருங்கள், 9.3.

முன்சக்கர வண்டியில் போனாலும் இதே கதைதான். இறங்கும்போது இதில் ஒரு பகுதி திரும்பி வரும். நான் போய் வந்தால் மொத்தம் 9 லிட்டர் ஆகும், அதாவது போகவர 14-க்குச் சற்று மேலே. ஏறும்போது போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் இறங்கியபிறகும் ஒன்று எடுத்து அனுப்பலாம்.

இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்தானே? பழைய டிரைவர் அண்ணன் அப்படித்தான் ஓட்டுவார்.

அண்ணன் ஓட்டியது கார்பரேட்டர் காலத்து வண்டி. இப்போதைய எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் பீச்சுவது முழுதாக நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். அதாவது நியூட்ரலில்தான் கூடச் செலவு.

செலவு கிடக்கட்டும், பிரேக் சூடேறிக் கொண்டை ஊசி வளைவில் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள்.

டயர் மாத்தினதும் மைலேஜ் விழுந்துடுச்சு. டயர் மோசமா?

டயர் மோசமாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு மாறியிருக்கலாம். இந்த வண்டிக்கு வருவது 215/60 ஆர்17 அளவு டயர், குறுக்களவு சுமார் 690 மில்லிமீட்டர். டயரின் பட்டன் (ரோட்டில் படும் மேல்பாகம்) 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் குறுக்களவு 12 குறையும். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்று சுற்றும். மீட்டர் சுற்றைத்தானே எண்ணுகிறது? அதனால் தேய்ந்த டயரில் மீட்டர் ஒன்றே முக்கால் சதவீதம் கூட்டிக் காட்டும். போதாக்குறைக்குத் தேய்ந்த டயர் இலகுவாகவும் உருளும். டயரை மாற்றுவதற்கு முந்தின மாதம்தான் வண்டி 'சூப்பராகக் கொடுப்பதாக' எல்லாரும் சொல்வார்கள்.

கம்பீரமாக இருக்கட்டும் என்று 215/65 போட்டால் இதற்கு எதிர்மாறு நடக்கும். குறுக்களவு 3 சதவீதம் பெரிது, அதனால் மீட்டர் குறைத்துக் காட்டும். கரடுமுரடான ஆல் டெரெய்ன் டயர் என்றால் உண்மையிலேயே கூடக் குடிக்கவும் செய்யும். இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

ஒரு டயர்தான் கிழிஞ்சது. நாலையும் மாத்துங்கறாங்க. ஏமாத்துறாங்களா?

மற்ற மூன்றும் புதுசு மாதிரி இருந்தால் நாலும் தேவையில்லை. பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்னும் பின்னும் சக்கர அளவு மாறினால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். வழுக்குகிறது என்று நினைத்துக் கப்ளிங் சும்மா சும்மா இறுகப் பார்க்கும், சூடேறும், தேயும். டூ வீல் வண்டிக்கு இல்லாத கவலை இது. அதனால்தான் நான் டயர் ரொட்டேஷனை, அதாவது முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போடுவதை, தள்ளிப்போடுவதில்லை. நாலும் ஒன்றுபோலத் தேயட்டும்.

திடீர்னு 15-ல இருந்து 12-க்கு வந்துடுச்சு. சர்வீஸ்ல எல்லாம் நார்மல்னு அனுப்பிட்டாங்க.

எனக்கும் ஒரு ஜனவரியில் இப்படி ஆனது. எஞ்சினைச் சந்தேகப்பட்டேன், பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன், பங்க்கை மாற்றினேன். ஒரு நாள் மாடியில் துணி காயப்போட்ட என் மனைவி கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கேரியரை எப்பங்க கழட்டப் போறீங்க?" என்றாள். சபரிமலைக்குப் போக மாட்டிய கேரியர், ஆறு வாரமாகத் தலைமேல் இருந்திருக்கிறது, மேலே கட்டிய தார்ப்பாயோடு. தரையில் நிற்கும் எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. கழற்றியபின் காற்றைப் பார்த்தேன், நாலு டயரிலும் குறைந்துபோய் 26 பி.எஸ்.ஐ. இரண்டுமே என் சோம்பல்தான், வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். முதலில் காற்று: டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அடுத்து, கூரைமேலும் டிக்கியிலும் என்ன சுமக்கிறீர்கள் என்று. அப்புறம் ஏர் ஃபில்டர், அலைன்மென்ட். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்த பிரேக் விடாமல் உரசுகிறது. இவை எல்லாம் சரியாக இருந்து, ஓட்டும் பாதையும் மாறாமல் இருந்தால் மெக்கானிக்கிடம் நோட்டோடு போங்கள். நோட்டைக் காட்டிப் பேசினால் மரியாதையே தனி.

ஸ்ட்ராங் ஹைப்ரிட் 28 கொடுக்குதாம். அதுலயே ஆல் வீல் வாங்கிக்கலாமே?

அந்த ஜோடி இந்த வண்டியில் கிடையாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு, தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய மின்மோட்டாரும் இருப்பது. கிராண்ட் விட்டாராவில் அதற்கு அறிவித்தது 27.97, ஆனால் முன்சக்கரம் மட்டும். சி.என்.ஜி.யும் அப்படியே. ஆல் வீல் வேண்டுமென்றால் 1,462 சி.சி. சாதாரணப் பெட்ரோல் எஞ்சின்தான்.

"என் வண்டி பின்னாடியும் ஹைப்ரிட்னு எழுதியிருக்கே" என்பவர்களுக்கு: அது ஸ்மார்ட் ஹைப்ரிட். ஸ்டார்ட்டரும் டைனமோவும் சேர்ந்த ஒரு சின்ன மோட்டார், ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. சிக்னலில் எஞ்சினை அணைத்து எழுப்பும், புறப்படும்போது லேசாகக் கை கொடுக்கும். அதை மட்டும் வைத்து வண்டி ஒரு அடிகூட நகராது. தினமும் நகர நெரிசலில் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், மண்பாதையே பார்க்காதவர் என்றால் யோசிக்காமல் ஸ்ட்ராங் ஹைப்ரிட் பக்கம் போங்கள். நெரிசலில்தான் அது காசைத் திருப்பித் தரும்.

இப்ப ஆல் வீல் ஆட்டோமேட்டிக்கும் வருதாமே? அது கூடக் குடிக்குமா?

2025-ல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. எனக்கு ஓட்டிப் பழக்கம் என் மேனுவல்தான், அதனால் சொந்த நோட்டுக் கணக்கு கிடையாது. ஆறாவது கியர் ஹைவேயில் நல்லது. ஊருக்குள் டார்க் கன்வர்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே இழுவையைக் கடத்தும் பாகம்) தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கிளட்ச் மிதித்து முட்டி வலிப்பவர்கள் மைலேஜ் பார்க்காமல் வாங்கலாம்.

ஜிம்னியும் ஃபோர் வீல்தானே? அதுக்கு ஏன் இன்னும் குறைவு?

மாருதியின் ஜிம்னி வேறு ஜாதி. லாரி மாதிரி சேசிஸ், லோ கியர், கையால் இழுத்துப் போடும் ஃபோர் வீல். மேனுவலுக்கு அறிவித்ததே 16.94. அது காட்டுக்குப் பிறந்த வண்டி. பெட்டி மாதிரி உடம்பு, காற்றைக் கிழிக்காது, முட்டும். பாட்டி, பேரன், நாலு பெட்டியோடு பழனிக்குப் போக அதில் இடமும் இல்லை.

கஷ்டப்பட்டு 12-ஐ 14 ஆக்கினேன். என் தம்பி அவன் வண்டியில 20-ஐ 22 ஆக்கினான். ரெண்டு பேருக்கும் ஒரே மிச்சம்தானே?

இல்லை. நம்மில் பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். 12 என்றால் 8.3 லிட்டர், 14 என்றால் 7.1. உங்கள் மிச்சம் 1.2 லிட்டர். தம்பிக்கு 5-லிருந்து 4.55, மிச்சம் அரை லிட்டர்கூட இல்லை. மைலேஜ் குறைவான வண்டியில்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் காசு அதிகம்.

இதனால்தான் ஊருக்குள் ஓட்டும் ஓட்டத்தைத் திருத்தினால் பலன் கூடுதல். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுப்பது, ரெண்டு வேலையை ஒரே நடையில் முடிப்பது, பக்கத்துத் தெருப் பால் பூத்துக்கு நடந்து போவது. கடைசியாகச் சொன்னதை நான் இன்னும் முழுசாகக் கடைப்பிடிக்கவில்லை.

கடைசியா ஒண்ணு. திரும்ப வாங்கினா ஆல் வீல்தான் வாங்குவீங்களா?

தோட்டம் இருக்கும் வரை, ஆமாம். போன ஐப்பசியில் விடாத மழை. பழம் பறிக்க ஆள் வருகிறது, கூலிப் பணம் என்னிடம், அப்பா தோட்டத்து வீட்டில் தனியாக. மண்பாதை திரும்பும் மேட்டில் சக்கரம் வழுக்கி வண்டி ஓரமாக நகர ஆரம்பித்தது. நிறுத்தி, லாக் போட்டு, முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை முட்டைமேல் கால் வைத்த மாதிரி மிதித்தேன். பின்சக்கரம் ஒருமுறை கவ்வியது தெரிந்தது, வண்டி ஏறிவிட்டது. ஜீப் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லையே தம்பி, ஏறிடுச்சு" என்றார். அப்புறம் பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்டார்: "எவ்வளவு கொடுக்குது?"

அந்த டேங்க் 12.1. நோட்டில் பக்கத்தில் 'மழை' என்று எழுதியிருக்கிறேன்.